இரண்டு முகவரி கொண்ட யானை

ஆம்பூரிலோ வேலூரிலோ சதுரங்கப் பலகையை விரித்தால் ஒரு வேடிக்கை. தமிழ் பேசுகிறவருக்கு மூலையில் நிற்பதுதான் யானை. குறுக்கே ஓடுவது மந்திரி. அதே தெருவில் புழங்கும் உருதிலோ மூலைக்காய் 'ருக்'. நம் மந்திரிக்கு அங்கே 'ஃபீல்' என்று பெயர், அதாவது யானை!

அந்த உருதில் திட்டம் போடுவதை 'மன்சூபா' என்பார்கள். 9-ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் மன்சூபா என்றால் சதுரங்கப் புதிர். கலீபாக்களின் அவையில் ஆடிய அல்-அத்லீ அவற்றைத் தொகுத்தார். அன்றைய யானை, அதாவது ஃபீல், குறுக்கே இரண்டு கட்டம் தாவும், அவ்வளவுதான். கடைசி வரிசை சேர்ந்த சிப்பாயும் ஒரு நோஞ்சான் காயாகவே மாறும். ருக்கின் நடையும் குதிரையின் நடையும் இன்றுவரை மாறவில்லை. அதனால் ருக்கும் குதிரையும் மோதும் அவருடைய புதிர் ஒன்றை இன்றைய பலகையிலும் அப்படியே போட்டுப் பார்க்கலாம்.

ஐரோப்பாவில் இந்தப் புதிர்களைப் படியெடுத்தவர்கள் பந்தயம் கட்டவும் பயன்படுத்தினார்கள். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் பக்கம் யானைக்குக் கால் நீண்டது. குறுக்கே எத்தனை கட்டமும் போகலாம் என்றானது. பழைய யானைப் புதிர்கள் ஒரே தலைமுறையில் செல்லாக்காசாயின. ஆங்கிலேயர் அந்தக் காயைப் பாதிரியார் ஆக்கினர், பிரெஞ்சுக்காரர் கோமாளி ஆக்கினர். ரஷ்யர் இன்னும் யானை என்றே அழைக்கிறார்கள்.

பிறகு கதை நம் நாட்டுப் பக்கம் திரும்புகிறது. 1814-இல் பம்பாயில் ஒரு புதிர் நூல் ஆங்கிலத்தில் அச்சானது. நிலைகளை ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைத்தவர் திருவேங்கடாச்சார்ய சாஸ்திரி. பெயரைக் கேட்டால் நம் திருப்பதிப் பக்கத்து வாடை அடிக்கிறது, இல்லையா? 1845-இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு 'ஷாகிர்த்', அதாவது சீடன், என்ற பெயரில் ஒரு புதிர் போனது. அனுப்பியவர் லவ்டே, டெல்லியில் இருந்த ஆங்கிலப் பாதிரியார். இனி தமிழ்ப் பெயர்களிலேயே சொல்கிறேன்: மந்திரி வேண்டுமென்றே பின்வாங்கும். யானை அதன் வழியை மறித்து நின்று, பிறகு விலகும்போது எதிரி ராஜா மாட்டிக்கொள்ளும். அதற்கு 'இந்தியப் புதிர்' என்றே பெயர்.

எனக்குப் பிடித்தது 1895-இல் கிளாஸ்கோவில் நடந்த விபத்து. பார்பியர் என்ற பத்தி எழுத்தாளர் இருபது ஆண்டு பழைய ஆட்டம் ஒன்றை நினைவிலிருந்து எழுதினார், நினைவு பிசகியது. வெள்ளையிடம் ராஜாவும், மறிக்க எதிர்ச் சிப்பாய் இல்லாத ஒரே சிப்பாயும். கறுப்பிடம் ராஜாவும் யானையும். ஆட்டம் சமன் என்று பார்பியர் சொல்லிவிட்டார். அங்கே வாழ்ந்த ஸ்பானியத் துறவி சாவேத்ரா மறுத்தார். கடைசிக் கட்டத்தில் ராணி கேட்டால், கறுப்பு யானையைப் பலி கொடுத்து, நகர இடமில்லை என்று சமன் செய்துவிடும். யானை கேட்டால் வெற்றி! புதிர் இன்று அவர் பெயரில் வழங்குகிறது.

கடைசியாக, புதிரை விட்டு ஒரு நிஜ ஆட்டம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டம். இருவரிடமும் யானையும் மந்திரியும்; சென்னைப் பையன் குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். எதிரே டிங் லிரனின் மந்திரி மூலையில் முடங்கிக் கிடந்தது. 55-ஆவது நகர்வில் டிங் யானையை மாற்றிக்கொள்ள நீட்டினார். குகேஷ் வாங்கிக்கொண்டு, அடுத்து மந்திரியையும் கட்டாயமாக மாற்ற வைத்தார். யானையும் இல்லை, மந்திரியும் இல்லை. பலகையில் இரண்டு ராஜாக்களும் சிப்பாய்களும்தான். யானையை நீட்டிய மூன்றாவது நகர்வில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகுலுக்கினார்.