ஆங்கிலத்துக்குப் போன நீர்ச்சொற்கள்

காரைக்கால் பகுதியின் வடக்கு எல்லையில் இருக்கிறது பூவம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. சற்றுத் தொலைவில் தரங்கம்பாடி. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சிறிய கரைத்துண்டில் மூன்று ஐரோப்பிய மொழிகள் ஆட்சி செய்தன. தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர், நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரர், காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர். ஆனால் தஞ்சைப் பாசனத்தின் பதிவேடுகளில் கடைசியில் நிலைத்தது ஆங்கிலம்தான். அந்த மொழிக்குள் நம் நீர்ச்சொற்களில் எவை போயின, எவை போகவில்லை?

முதலில் போனவை நிலப்பகுதி, ஆற்றுப் பெயர்கள். சோழமண்டலம் 'கோரமண்டல்' ஆனது. கொள்ளிடம் 'கோல்ரூன்' ஆனது. நம் ழகரமும் டகரமும் ஐரோப்பியர் காதில் ரகரமாக விழுந்திருக்கின்றன.

பொதுச்சொற்களில் மிக நீண்ட பயணம் போனது அணைக்கட்டு. கல்லணையை ஆங்கிலேயர் 'கிராண்ட் ஆனிகட்' என்று எழுதினார்கள். 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டிய மேலணைக்கும் கீழணைக்கும் 'ஆனிகட்' என்றே பெயர். பிறகு அவர் தவளேஸ்வரத்தில் கோதாவரியை மறித்தபோது சொல்லும் கூடவே போனது. ராஜஸ்தானில் ஓடைகளின் குறுக்கே கட்டும் சிறு தடுப்பணைகளை இன்றும் 'எனிகட்' என்கிறார்கள். காவிரிக்கரைத் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தின் தோளேறிப் பாலைநிலத்து ஊர்களில் இறங்கியிருக்கிறது; எனக்கு இது பெரிய வியப்பு.

1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் அணைக்கட்டு இருக்கிறது. ஏரியின் மிகைநீர் வழியும் கலிங்கலும் 'கலிங்குலா' என்று இருக்கிறது. அந்த அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பார்களைப் பற்றிக் கடலுயிரியலாளர் ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை வெளியிட்ட அறிக்கையிலும் 'பார்' என்ற சொல் அப்படியே நிற்கிறது.

நீரை மறிக்கவும் அளக்கவும் அதிலிருந்து வருவாய் காணவும் உதவிய சொற்களையே ஆங்கிலம் விரும்பி எடுத்துக்கொண்டது என்பது என் முடிவு. தென்மாவட்டச் செம்மணல் மேடான 'தேரி' இதற்கு விலக்கு. நிலவியலாளர் அதை ஏற்றார்கள், ஈடான சொல் அவர்களிடம் இல்லாததால்.

மற்றவை தட்டையாயின. ஏரி, கண்மாய், தாங்கல், ஏந்தல், ஊருணி எல்லாம் 'டேங்க்' என்ற ஒரே சொல்லில் அடங்கின. ஊருணி குடிநீருக்கு, கண்மாய் வயலுக்கு என்ற வேறுபாடு அங்கே மறைந்தது. குளத்துக்கும் சிமெண்ட் தொட்டிக்கும் ஒரே சொல் போதும் என்ற நிலை வந்தது சிறிய இழப்பல்ல.

எதிர்த்திசையில் வந்த சொல்லும் உண்டு. நைல் நதியின் முக்கோண நிலத்துக்கு வைத்த கிரேக்க எழுத்தின் பெயர் ஆங்கில நிலவியல் வழியாக வந்து, இன்று உழவர் தம்மையே 'டெல்டா விவசாயி' என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தமிழாகிவிட்டது. அதில் குறை காண எனக்கு மனமில்லை.

மனத்தை உறுத்துவது வடிகால் என்ற சொல்லுக்கு நேர்ந்தது. சோழர் கல்வெட்டுகள் நிலத்தின் இடத்தையே வதி, வாய்க்கால், கண்ணாறு, சதிரம் (சதுர நிலத்துண்டு) என்று எண்ணித்தான் குறித்தன. நீரோடும் வழிதான் அங்கே நிலத்தின் முகவரி. கடைமடையில் இந்த நுணுக்கம் இன்னும் தேவை. மேல்வயலின் வடிகால் கீழ்வயலுக்குப் பாசனமாகும்; அரசலாறு போன்ற கிளை ஆறு பாய்ச்சவும் செய்யும், வடிக்கவும் செய்யும். ஆங்கிலக் கோப்பில் வடிகால் என்றால் வெறும் 'டிரெயின்'. ஊர்ச் சாக்கடைக்கும் அதே பெயர்தான்.