வணிக விமானி உரிமம்

ஊதியம் பெற்று விமானம் ஓட்டுவதற்கு இந்தியாவில் சட்டம் கோரும் அடிப்படை அனுமதி வணிக விமானி உரிமம் ஆகும். இதனை மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வழங்குகிறது. தகுதிகளை 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகளின் இரண்டாம் அட்டவணை வரையறுக்கிறது.

விண்ணப்பதாரர் 18 வயது நிரம்பியவராகவும், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியவராகவும் இருத்தல் வேண்டும் என்பது நெடுங்கால விதி. மல்லாங்கிணறு போன்ற ஊர்களில் பத்தாம் வகுப்பு முடித்து வணிகவியல் பிரிவில் சேரும் மாணவர், பின்னர் விமானியாக விரும்பினால் அவ்விரு பாடங்களையும் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தனியே எழுதித் தேற வேண்டியிருந்ததால், மேனிலைப் பள்ளியில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளே அவரது பாதையைப் பெரிதும் தீர்மானித்துவந்தது.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. முதலில் இரண்டாம் வகுப்புச் சான்றும், உரிமத்துக்கு முதல் வகுப்புச் சான்றும் தேவை. நிறக்குருடு உள்ளிட்ட குறைகள் இங்கே வெளிப்படக்கூடும் என்பதால், 40 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடிய பயிற்சிக் கட்டணத்துக்கு நிலத்தையோ நகையையோ அடகு வைக்கும் குடும்பம் இப்பரிசோதனையை முதலில் முடித்துக்கொள்வதே அறிவுடைமை. வான்வழி விதிகள், வழிகாண்முறை, வானிலையியல், விமானத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுகளும், வானொலித் தொடர்புக்குத் தனித் தேர்வும் உண்டு.

பயிற்சியின் மையம் 200 மணி நேரப் பறத்தல். அதன் மொத்தத்தைவிடப் பகுப்பே முக்கியமானது: இவற்றுள் 100 மணி நேரம் பயிற்சி பெறுபவரே விமானத்தின் பொறுப்புத் தலைவராக, அதாவது முடிவுகளைத் தாமே எடுப்பவராகப் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் ஊர்விட்டு ஊர் செல்லும் பயணம். அப்பயணங்களுள் ஒன்று 300 கடல்மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 555 கிலோமீட்டருக்குக் குறையாமல், வழியில் இரு வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுமையாக நின்று செல்வதாக அமைய வேண்டும். வெளியே பாராமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கு 10 மணி நேரமும், பத்து ஏற்றங்களும் பத்து இறக்கங்களும் அடங்கிய இரவுப் பறத்தலுக்கு 5 மணி நேரமும் வேண்டும். ஒவ்வொரு பறத்தலும் விமானி தம் பதிவேட்டில் தேதி, விமான வகை, புறப்பட்ட இடம், இறங்கிய இடம் ஆகியவற்றுடன் எழுதிச் சான்றொப்பம் பெற்றால்தான் கணக்கில் சேரும்.

உரிமத்தின்மேல் ஏற்றப்படும் கூடுதல் தகுதி ‘ரேட்டிங்’ எனப்படும். செஸ்னா 172இல் பயின்றவர் ஏர்பஸ் ஏ320ஐ ஓட்ட அவ்வகைக்கான ரேட்டிங்கைப் பெற வேண்டும். இதற்கான பயிற்சியின் பெரும்பகுதி பாவிப்புப் பொறியில் (சிமுலேட்டரில்) நடக்கிறது. மேகத்துக்குள் கருவிகளைக் கொண்டு செல்ல உரிமை தரும் கருவிப்பறத்தல் ரேட்டிங், குறித்த இடைவெளியில் மறுசோதனைக்கு உள்ளாகிறது. பயணிகள் விமானத்தின் கேப்டனாவதற்கோ 21 வயதும் 1,500 மணி நேரமும் கோரும் வான்போக்குவரத்து விமானி உரிமம் தேவைப்படுகிறது.