ஆரணிச் சேரியும் வேலைவாய்ப்பு நிதியும்

பட்டியலினத்தவரின் மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்குவது, தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசின் கடமை. அந்நிதி எந்தத் தெருவைச் சென்றடைகிறது என்பதே கேள்வி.

ஒன்றிய அரசின் முன்மாதிரிக் கிராமத் திட்டம், பட்டியலினத்தவர் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வாழும் கிராமங்களைத் தேர்கிறது. ஆரணி நகராட்சிக்குட்பட்ட சேரிகள் அந்த அளவுகோலுக்குள் வருவதில்லை.

பட்டுத்தறி பெரும்பாலும் வீட்டுக்குள் இயங்குவது. தொழில் கற்க அவ்வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். சாதி மறிப்பதும் அங்கேதான். ஆகவே தறிக்கூடமும் பயிற்சியும் சேரியிலேயே அமைய வேண்டும்.

அதே தெருவில் வாழும் தலித் கிறித்தவரை, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. தெருவின் வேலையின்மையை அளந்து நிதி வழங்கினால் அவரும் பயன்பெறுவார்.

வார்டுவாரியான செலவுக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்பது முதற்படி.