தனிக்குடித்தனம் போன பில்ட்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்கா. பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம், இது குடும்பக் கதைதான்.

2014 நவம்பர்ல அமேசான் லாம்டாவை அறிவிச்சாங்க. சர்வர் கவலை எங்களுது, நிரலை மட்டும் கொடுங்கன்னாங்க. ஆனா அது அவங்க வீட்டுக்குள்ள மட்டும்தான் ஓடும். அதே வருஷம் கூகுள் வெளியிட்ட குபர்னெட்டிஸ் எங்க வேணா ஓடும், ஆனா எழுத வேண்டிய யாமல் கோப்புகளைப் பார்த்தா தலை கிறுகிறுக்கும். ரெண்டையும் சேர்த்துவைக்க 2018 ஜூலையில வந்தது கேநேட்டிவ். கூகுள், ஐபிஎம், ரெட் ஹாட், பிவோட்டல், எஸ்ஏபின்னு பெரிய தலைங்க எல்லாம் கைகோத்தாங்க.

கூட்டுக்குடும்பத்துல மூணு பேர். நிரலை கன்டெய்னர் இமேஜா கட்டுறது பில்ட். அதை ஓட்டி, ஆள் வராத நேரத்துல பூஜ்யத்துக்கு இறக்குறது சர்விங். நிகழ்வுகளைக் கொண்டுவந்து சேர்க்குறது ஈவென்டிங்.

சோதனை, இமேஜ் கட்டுறது, முதல்ல ஒத்திகைச் சூழல், அப்புறம் நிஜம்னு ஒரு முழு பைப்லைனுக்கு பில்ட் பத்தல. அதனால உள்ளேயே பில்ட்-பைப்லைன்னு ஒண்ணு முளைச்சது. யோசிச்சா, அதுக்கு சர்வர்லெஸ்ஸே தேவையில்ல. எந்தச் செயலிக்கும் உதவும்! 2019-ல 'டெக்டான்'னு (கிரேக்கத்துல தச்சர்) பேர் மாத்திட்டு வெளிய வந்துடுச்சு. மார்ச்ல ஜென்கின்ஸ், ஸ்பின்னக்கரோட சேர்ந்து தொடர் விநியோக அறக்கட்டளையில இடம் பிடிச்சது. அந்த வருஷமே பில்டை ஓரங்கட்ட முடிவெடுத்தாங்க.

அப்ப நான் ஆணி பிடுங்கிட்டிருந்த இடத்துல பில்ட் டெம்ப்ளேட்டா எழுதிக் குவிச்சிருந்தேன். எல்லாத்தையும் டெக்டான் டாஸ்க்கா மாத்தி எழுதுறதுக்குள்ள ரெண்டு வார இறுதி போச்சு. வீட்ல வாங்கின திட்டு தனிக் கணக்கு.

இப்ப யோசிச்சா பிரிஞ்சதுதான் சரின்னு படுது. பைப்லைன் கடைசியா கொடுக்குறது ஒரு இமேஜ் முகவரி மட்டும். சர்விங் அதுக்கு ஒரு புது ரிவிஷன் உண்டாக்கும். முதல்ல நூத்துக்குப் பத்து கோரிக்கையை அதுக்கு அனுப்பிப் பார்க்கலாம். சொதப்பிச்சா போக்குவரத்தைப் பழைய ரிவிஷனுக்கே திருப்பிடலாம், மறுபடி எதையும் கட்ட வேண்டாம். இதுக்கு முன்னாடி ராத்திரி ரெண்டு மணிக்குப் பழைய நிரலைத் தேடிப்பிடிச்சு, திரும்பக் கட்டி, சாமி கும்பிட்டுக்கிட்டே ஏத்தினவன் சொல்றேன்.

2021 நவம்பர்ல கேநேட்டிவ் 1.0 வந்தப்போ வீட்ல சர்விங்கும் ஈவென்டிங்கும்தான் இருந்தாங்க. என் பழைய டெம்ப்ளேட்டுங்க இன்னும் வன்தட்டுல கிடக்கு, அழிக்க மனசு வரல.