கச்சதீவுத் திருநாளும் கட்டுச்சோறும்

குடிப்பதற்கு ஒரு குடம் நன்னீர் கிடைத்தற்கரிய தீவொன்றிலே ஆயிரக்கணக்கானோர் கூடித் திருநாள் கொண்டாடுவர் என்றால், கேட்போர் வியப்பர். நெடுந்தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே பாக்கு நீரிணையிற் கிடக்கும் கச்சதீவு அத்தகையது. அதன் பரப்பு 285 ஏக்கர். நிலையாகக் குடியிருப்போர் அங்கு எவருமிலர். ஆயினும் புனித அந்தோனியாருக்கு ஓர் ஆலயம் உண்டு. அவ்வாலயம் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் திருநாள் நெடுந்தீவுப் பங்கின் பொறுப்பிலே நடைபெறுவது. ஆகவே, ஆளில்லாத் தீவில் நிகழினும், இதனை நெடுந்தீவு ஊரவர் எடுக்கும் விழா என்று சொல்லுதல் தகும்.

அந்தோனியார் 1195இல் லிஸ்பன் நகரிற் பிறந்து, 1231 யூன் 13இல் பதுவா நகரருகே உயிர்நீத்த பிரான்சிஸ்கு சபைத் துறவி. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரோடு அச்சபையாரும் இங்கு வந்து சமயம் பரப்பினர். 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர். எனினும் மக்கள் நெஞ்சில் வேரூன்றிய பற்று அழியவில்லை. மாந்தர் கேளாதபோது கடற்கரையில் நின்று மீன்களுக்குப் போதித்தார் என்று கதை வழங்கும் ஒரு துறவியைக் கடற்றொழிலாளர் தமக்கு உரியவராகக் கொண்டதில் வியப்பில்லை.

கச்சதீவில் இரு கரை மீனவரும் வலை உலர்த்தினர், இளைப்பாறினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரக் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பார் அங்கே சிற்றாலயம் ஒன்றை எழுப்பினார் என்பது வழங்கிவரும் செய்தி.

அந்தோனியார் திருநாள் உலகெங்கும் யூன் 13இல் வருவது. கச்சதீவிலோ அது பெப்ரவரி அல்லது மார்ச்சு மாதத்தில் நிகழ்கின்றது. இதற்குக் காரணம் தேடுவோர் திருச்சபையின் நாட்காட்டியை விடுத்துக் கடலைப் பார்ப்பது நன்று. யூன் மாதம் சோளகக் காற்று வலுத்து வீசும் காலம். பெண்டு பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றிச் செல்லும் பருவம் அதுவன்று. மாசியிலோ கடல் அடங்கியிருக்கும். ஆனால் மாசி, பங்குனி தவக்காலம். கொடி ஏறி, சிலுவைப்பாதையும் தேர்ப்பவனியும் நடைபெறும் நாள் அண்மைக் காலத்தில் வெள்ளிக்கிழமையாகவே அமைகின்றது. தவக்கால வெள்ளியன்று கத்தோலிக்கர் இறைச்சி உண்பதில்லை. மீனுக்கு அவ்விலக்கு இல்லை. கடற்றொழிலாளரின் பெருநாளுக்கு அது ஒரு வகையில் வசதியே.

நாட்டிலுள்ள ஊர்களிலே கோயிற் பெருநாள் வந்தால், ஊரார் சமைப்பர். அயலூர் உறவினர் வந்து உண்பர். இல்லத்தார் யார், விருந்தினர் யார் என்பதில் ஐயமே எழாது. கச்சதீவில் அம்முறை செல்லாது. அங்கே எவருக்கும் வீடில்லை, அடுக்களையில்லை, கிணற்றடியில்லை. சென்றவர் யாவரும் அரிசி, பாத்திரம், குடிநீர் அனைத்தையும் தம்மோடு கொண்டுசெல்ல வேண்டியவராயினர். சோறும் புளியும் சேர்ந்த கட்டுச்சோறு ஒரு நாளைக்குத் தாங்கும். தீவக வீடுகளிற் சேமிக்கப்படும் புழுக்கொடியலும் பனாட்டுமோ பல நாள் கெடாமல் நிற்பன. அவற்றுக்கு அடுப்பும் வேண்டியதில்லை. நன்னீர் அருகிய இடத்தில் இஃது எவ்வளவு பெரிய உதவி என்பதை மணற்கரையில் ஓரிரவு தங்கியவரே அறிவர்.

யாவரும் வந்தவராகவும் யாவரும் கொண்டுவந்தவராகவும் இருந்தமையால், உண்ணும்போது ஒரு சமநிலை தானே அமைந்தது. இக்கரைப் பொருள் அக்கரையார் கைக்கும் அக்கரைப் பொருள் இக்கரையார் கைக்கும் மாறின. தமிழகத்தார் கொண்டுவந்த சேலைகளும் இலங்கையார் கொண்டுவந்த சவர்க்காரமும் தேங்காயெண்ணெயும் கறுவா, கராம்பு முதலிய வாசனைப் பொருட்களும் விழாச் சந்தையில் இடம்பெற்றன. இதனை வணிகம் என்பதிலும் உறவு பேணல் என்பது பொருத்தம்.

அரசுகளும் இவ்வழக்கத்தைக் கணக்கிலெடுக்க நேர்ந்தது. 1974 யூன் 26, 28 ஆகிய நாட்களிற் கைச்சாத்தான இந்திய இலங்கை ஒப்பந்தம் கச்சதீவை இலங்கைப் பக்கத்தில் வைத்தது. அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்குச் சென்றுவரலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை என்று கூறுகின்றது. எல்லை வகுக்கும் ஓர் ஆவணத்தில் ஒரு சிற்றாலயத்து அடியாருக்கும் இடம் கிடைத்தது சிறிய செய்தியன்று. 1976இல் இரு அரசுகளும் பரிமாறிய கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன்பிடித்தலை விலக்கின. யாத்திரைக்கு வழி திறந்திருந்தது, தொழிலுக்கு அடைபட்டது. பின்வந்த மனக்கசப்புகள் பலவற்றுக்கு வித்து இங்கேதான் இருக்கின்றது.

1983இல் மூண்ட போர் விழாவையும் நிறுத்தியது. போர் 2009இல் முடிந்தபின், 2010 முதல் மக்கள் மீண்டும் பெருந்திரளாய்க் கூடலாயினர். இலங்கைக் கடற்படையினர் கட்டிய புதிய ஆலயம் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது. இராமேசுவரத்திலே பெயர்ப் பட்டியல் சரிபார்க்கப்பட்டுப் படகுகள் புறப்படுகின்றன; இக்கரையார் குறிகட்டுவானிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் செல்கின்றனர். குடிநீரும் உணவும் வழங்கும் பணியிற் கடற்படையும் பங்குகொள்கின்றது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இது பேருதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் வழங்கப்படும் உணவுப்பொதி பசியைத் தீர்க்குமேயன்றி, அடுத்த வள்ளத்தாரை அழைத்துப் பக்கத்தில் இருத்தாது. கொண்டுசென்றதைப் பகிர்ந்துண்ட பழக்கம் இதனாற் சுருங்கிவிடலாகாது.

2024 பெப்ரவரியில், சிறையிலிடப்பட்ட தம் தோழர்களுக்காக இராமேசுவர மீனவர் விழாவைப் புறக்கணித்தனர். தமிழகத்தார் இன்றியே அவ்வாண்டுத் திருநாள் நடந்தேறியது. 2025 மார்ச்சு 14ஆம் நாள் மாலை கொடி ஏறியபோது, அவர்களும் வந்து மணற்கரையிலே தங்கியிருந்தனர்.