விளையாடும்போது சுருண்டு விழுந்தால் மாரடைப்புதானா? - 25 எழுத்துகள் சொல்லும் கதை!

"நல்லாத்தான் ஆடிக்கிட்டு இருந்தான். திடீர்னு சுருண்டு விழுந்துட்டான்."

சித்தையன்கோட்டையோ, செம்பட்டியோ... எந்த ஊராக இருந்தாலும் இப்படி ஒரு பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பையனுக்கு வயசு இருபதுதான். சுகர் இல்லை, சிகரெட் இல்லை. ஊர் அதை 'ஹார்ட் அட்டாக்' என்று முடித்துவிடும். பாட்டிகள் 'கண்ணு பட்டுடுச்சு' என்பார்கள்.

ரத்தக்குழாயில் அடைப்பே இல்லாமல், இதயத்தின் தசை தடித்துப்போகிற நோய் ஒன்று இருக்கிறது. பெயர் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. உலக அளவில் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கு. தடித்த தசையில் மின்துடிப்பு தாறுமாறானால் இதயம் நின்றுபோகலாம். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது. அப்பா, அம்மாவில் ஒருவருக்குக் கோளாறான ஜீன் இருந்தால், உங்களுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இதில் நம்ம ஊர் சம்பந்தப்பட்ட ஒரு ஆராய்ச்சி உண்டு. 2009-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வந்தது. எழுதியவர்கள் பட்டியலில் பெருந்துறை எஸ்.தண்டபாணி, சக்திவேல் சடையப்பன், ஹைதராபாத் சி.சி.எம்.பி-யின் குமாரசாமி தங்கராஜ் என்று வரிசையாக நமக்குப் பழகிய பெயர்கள். 'எம்.ஒய்.பி.பி.சி3' என்ற ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை அவர்கள் இதயத் தசை நோயோடு தொடர்புபடுத்தினார்கள். தெற்காசியர்களில் சுமார் 4 சதவிகிதம் பேரிடம் இந்த விடுபடல் இருக்கிறது. அதாவது, 25 பேர் இருக்கிற வகுப்பில் ஒருத்தர்!

25 எழுத்து போனால் என்ன குடியா முழுகிப்போகும்? இதயத்தைச் சுருங்கவைப்பது மயோசின் என்ற புரதம். அதற்கு பிரேக் மாதிரி இருக்கும் இன்னொரு புரதத்தை இந்த ஜீன்தான் தயாரிக்கிறது. எழுத்து விடுபட்டால் அந்தப் புரதத்தின் வால்பகுதி மாறி, தசையில் சரியாக உட்காராது. இளவயதில் செல்கள் அந்தக் கோணல் சரக்கை உடைத்துத் தள்ளிவிடும். வயதாக ஆக, அந்தத் துப்புரவு வேலை தளரும் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

உடனே கூகுளில் தேடிப் பயந்துவிடாதீர்கள். கதை அங்கே முடியவில்லை. 2020-ல் வெளியான இன்னொரு ஆய்வு, இந்த விடுபடலைவிட அதோடு சேர்ந்தே சிலரிடம் வரும் வேறொரு அரிய மாற்றம்தான் நிஜமான வில்லன் என்றது. ஆக, 4 சதவிகிதம் பேரும் நோயாளிகள் இல்லை. என்னைக் கேட்டால், முதல் கண்டுபிடிப்பு அளவுக்கு இந்தத் திருத்தமும் பேசப்பட்டிருக்க வேண்டும்.

சிகிச்சையும் மூலக்கூறு வரை இறங்கிவிட்டது. மயோசினின் அதிகப்படி இழுப்பைக் குறைக்கும் மாவகாம்டென் மாத்திரைக்கு, 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தடித்த தசை ரத்தம் வெளியேறும் வழியை மறிக்கும் நோயாளிகளுக்கு மட்டும்தான் அது. இதயத்தின் பம்ப் பலம் குறைந்துவிடலாம் என்பதால், அடிக்கடி எக்கோ பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் சின்ன வயசில் திடீரென இறந்தவர் யாராவது உண்டா என்று அப்பத்தாவிடம் கேளுங்கள். 'ஆமாப்பா, உன் சித்தப்பா ஒருத்தன்...' என்று ஆரம்பித்தாலோ, ஓடும்போது உங்களுக்கு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்திருந்தாலோ, அடுத்த மேட்ச்சுக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். ஈ.சி.ஜி-யும் எக்கோவும் வலிக்காது. நோய் உறுதியானால் கூடப்பிறந்தவர்களையும் கூட்டிப் போங்கள்.