கல் நகரத்தின் இரு வீடுகள்

தென் அல்பேனியாவின் மலைச்சரிவில் அமைந்த ஜிரோகாஸ்தர், 2005-ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம். கூரைகூடக் கல்தான். வீதிகள் மழையில் வழுக்கும். பிள்ளைகளுக்குப் பிடிமானமுள்ள காலணி தேவை.

பலரும் கோட்டைக்கே முதலில் செல்வர். (அங்குள்ள அமெரிக்க இராணுவ விமானத்தைப் பார்த்தால் பிள்ளைகள் நகரமாட்டார்கள்!) நானோ இரு வீடுகளையே முதன்மையாகக் கருதுகிறேன்.

1908-இல் இந்நகரில் பிறந்த என்வர் ஹோஜா, 1944 முதல் 1985 வரை அல்பேனியாவை இரும்புக்கரம் கொண்டு ஆண்டார். 1967-இல் சமய வழிபாட்டையே தடைசெய்தார். 1936-இல் இங்கேயே பிறந்த எழுத்தாளர் இஸ்மாயில் கடாரேயின் நூல்கள் சில அவ்வாட்சியில் தடைசெய்யப்பட்டன. 1990-இல் அவர் பிரான்சில் தஞ்சம் புகுந்தார்.

கடாரேயின் வீடு அவர் நினைவைப் போற்றும் காட்சியகமாக உள்ளது. ஹோஜா பிறந்த இடத்திலோ பழங்காலப் பாத்திரங்களும் ஆடைகளுமே பெரிதும் காட்சிக்கு உள்ளன. அது யார் பிறந்த இடம் என்பதை, உள்ளே நுழையுமுன் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிவிட வேண்டும்.